இரண்டரை அங்குல இறக்கம்

மனைவி போன இருபத்திரண்டாம் நாள் சமையலறையில் தண்ணீர் ஏறியது. கருமாதி முடிந்து, மகளும் மருமகனும் பண்டாரவளைக்குத் திரும்பி, வந்த சனமெல்லாம் அவரவர் பாட்டைப் பார்க்கப் போய், நான் தனியாளாக ஒரு வாரத்தை ஓட்டியிருந்த நேரம். காலையில் ரொட்டிக் கல்லைக் கழுவினேன். கழுவுகிற மூலையில் உள்ள ஓட்டையில் தண்ணீர் இறங்காமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் உள்ளே போன தண்ணீரும் திரும்பி வந்தது. தேயிலைத் தூளும் சோற்றுப் பருக்கையும் மிதந்து வந்து என் கால் விரல்களுக்கு நடுவே நின்றன.

எனக்குக் கோபம்தான் வந்தது. எதற்கும் எனக்கு முதலில் கோபம்தான் வரும். மற்றதெல்லாம் பின்னால் ஆடி அசைந்து வரும்.

நான் லுணுகலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கான் வெட்டியவன். கான் என்றால் எங்கள் பக்கத்தில் வடிகால். மழைத் தண்ணீர் தேயிலை மலையின் மண்ணை அள்ளிக்கொண்டு போகாதபடி சரிவுக்குக் குறுக்கே வெட்டுவது. கடைசி இருபது வருஷம் கான் வெட்டுகிற ஆட்களுக்கு நான்தான் கங்காணி. மழை பெய்தால் எந்த மலையில் எந்தக் கான் நிரம்பும் என்று, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்தில் நின்றபடியே சொல்வேன். அப்படிப்பட்டவன் வீட்டுச் சமையலறையில் அழுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று வெளியே சொல்ல முடியுமா? கதவைச் சாத்திக்கொண்டுதான் வேலையை ஆரம்பித்தேன்.

பெரிய சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினேன். மூன்று சட்டி ஊற்றியதும் குடுகுடுவென்று இறங்கிவிட்டது. தேங்காய்ப்பால் கறி வைத்த சட்டியை அப்படியே கழுவியதால் எண்ணெய் உறைந்திருக்கும் என்று நினைத்தேன். சமைக்கத் தெரியாதவன் சமைத்தால் இப்படித்தான் என்று என்னையே ஏசிவிட்டு விஷயத்தை மறந்தேன்.

ஒன்பதாம் நாள் மறுபடி ஏறியது. இந்தத் தடவை வெந்நீர் பலிக்கவில்லை. நீளமான பிரம்பு ஒன்றை வெட்டி வந்து ஓட்டைக்குள் விட்டுக் குத்தினேன். ஒரு இடத்தில் போய் முட்டியது. விடாமல் குத்தக் குத்த மெதுவாக வழி விட்டது. பிரம்பின் நுனியில் சாம்பல் நிறத்தில் களி போல ஏதோ ஒட்டியிருந்தது. நாங்கள் பாத்திரம் துலக்குவது அடுப்புச் சாம்பலால்தான். ஆக, இது சாம்பல். இனிமேல் சோப்புப் போட்டுத் துலக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். சோப்புப் போட்டும் அதிலிருந்து பதினோராம் நாள் அடைத்தது.

உண்மையைச் சொன்னால், அடைத்த நாட்களில் எனக்குப் பொழுது போனது. எங்கள் வரிசையில் பத்து வீடுகள். தோட்டத்து ஒற்றை அறை வரிசையான லயத்திலிருந்து எங்களைக் கிளப்பி, சிமெந்தும் தகரமும் கொடுத்து, உங்கள் வீட்டை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்று கொடுத்த இடம். இன்று பத்தில் ஆறு பூட்டிக் கிடக்கின்றன. ஆட்கள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். விடிந்ததும் ரேடியோவைப் போடுவேன். பால் இல்லாமல் பிளேன்டீ குடிப்பேன். அவள் உப்பு வைத்த டப்பா அவள் வைத்த இடத்திலேயே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம்தான் உட்கார்வது? பைப் அடைத்துவிட்டால் எழுந்திருக்கக் காரணம் கிடைக்கும். குத்தி, கிண்டி, தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டதும், யாரோ எனக்குப் பதில் சொன்ன மாதிரி இருக்கும். அதனால் நான் அதை ஆராயவே இல்லை. அடைப்பதும் எடுப்பதுமாக இரண்டு மாதம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் சொல்லாமல் வந்தாள். அன்றைக்குப் பார்த்து கணுக்கால் அளவு தண்ணீர். அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

"என்னாப்பா இது?"

"சின்ன அடைப்பு. நான் பாத்துக்கிறேன்."

"இதுக்குள்ள நின்னுதான் சமைச்சுச் சாப்புடுறீங்களா?"

அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியால் அள்ளிக் கொட்டினாள். பிறகு, பஸ்ஸுக்குப் புறப்படும்போது சொன்னாள்.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. இது சரியாகலைன்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிருவேன். இந்த வயசுல வழுக்கி வுழுந்தா யாரு தூக்குறது?"

மகள் நல்லவள். மருமகனும் நல்லவன். அவர்களுக்கு இரண்டே அறை. பேத்திகள் படிக்கிற மேசையை நகர்த்திவிட்டு எனக்குக் கட்டில் போடுவார்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதுதான் எனக்குப் பயம். யாரும் முகம் சுளிக்காத வீட்டில், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவனாக நான் ஆகிவிடுவேன். இந்த வீட்டைப் பூட்டினால் என் மனைவியையும் உள்ளே வைத்துப் பூட்டியது போலத்தான். எப்படியாவது அந்த மாதக் கடைசிக்குள் தண்ணீரை ஓட வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். ஐம்பது ஏக்கர் மலைக்குக் கான் போட்டவனுக்கு இது ஒரு வேலையா என்றும் நினைத்தேன்.

மறுநாள் லுணுகலைக்குப் போனேன். பைப், ஆணி, பெயின்ட் விற்கும் கடையில், எனக்குப் பல வருஷப் பழக்கமான முஸ்லிம் முதலாளி இருந்தார்; நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர். அடைப்பு எடுக்கிற தூள் கேட்டேன். அவர் உடனே எடுத்துக் கொடுக்கவில்லை.

"எத்தனை தடவை அடைச்சிச்சு?"

"ஆறோ ஏழோ இருக்கும்."

"ஒரே எடத்துலயா?"

அதை நான் யோசித்தே பார்க்கவில்லை. பிரம்பு ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் முட்டுவது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆமாம் என்றேன்.

"அப்ப தூள் போட்டு வேலையில்ல அண்ணே. எப்பயாவது ஒருக்கா அடைச்சா கழுவுறவங்க பிழை. திரும்பத் திரும்ப ஒரே எடத்துல அடைச்சா, பைப்புலதான் பிழை ஈக்கு. தோண்டித்தான் பாக்கணும். யாரு போட்டது?"

"பழைய பாஸ் ஒருத்தர்" என்றேன். பாஸ் என்றால் எங்கள் ஊரில் மேசன்.

"அப்ப அந்த பாஸுக்கு வேலை தெரியா" என்றார் நானா.

தூளை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பைப் போட்ட பாஸ் நான்தான்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் வீடு கட்டின காலத்தில் நடந்தது அது. சமையலறையிலிருந்து முற்றத்துக்கு அடியால் இருபத்தைந்து அடி பைப் போட்டு, கீழே கல் நிரப்பிய குழியில் கழிவுத் தண்ணீரை விட வேண்டும். என் கூட்டத்தில் கான் வெட்டுகிற மூன்று பேர் கைகொடுக்க வந்திருந்தார்கள். நான் மலையில் செய்வது போலவே மூங்கில் சட்டமும் நூல்குண்டும் கொண்டு வந்து மட்டம் பார்த்தேன். தேயிலை மலையில் கானுக்கு நூற்றிருபது அடிக்கு ஓர் அடிதான் இறக்கம் வைப்போம். அதற்கு மேல் வைத்தால் தண்ணீர் வேகமாக ஓடி மண்ணை அறுத்துவிடும். மெதுவாகப் போனால் மண் தங்கும், தண்ணீர் மட்டும் போகும். அந்தக் கணக்கில் இருபத்தைந்து அடிக்கு இரண்டரை அங்குலம். ஒரு நூல் கூடாமல் குறையாமல் இரண்டரை அங்குலம் வைத்தேன். அதைச் செய்துவிட்டு நிமிர்ந்து நின்ற பெருமை இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

என் மனைவி பிளேன்டீ கொண்டு வந்தாள். பைப்பை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை பார்த்தாள்.

"ஏங்க, இது படுத்துக் கெடக்குற மாதிரி இருக்கே. எண்ணெயும் சோறும் போற தண்ணிங்க. கொஞ்சம் சரிச்சு வுடுங்க."

"கொழுந்து பறிக்கிறவளுக்குக் கானப் பத்தி என்ன தெரியும்?" என்று கத்தினேன். "மலையே நான் வெட்டின கான்லதான் நிக்குது. நீ போயி அடுப்பப் பாரு புள்ள."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவளும் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் மண்ணைப் போட்டு மூடச் சொன்னேன்.

பஸ்ஸில் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். மலையில் மண் தங்க வேண்டும். வீட்டுப் பைப்பில் எதுவும் தங்கக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட விளங்கும். ஆனாலும் நம்ப மனம் வரவில்லை. என் பைப் பிழை என்றால், பதினெட்டு வருஷமாக ஏன் ஒரு நாள்கூட அடைக்கவில்லை? அவள் இருந்த வரைக்கும் அந்த மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்று நான் பார்த்ததில்லை. அந்த ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு வாரம் ஓட்டினேன். தூளைப் போட்டேன். நாலாம் நாள் அடைத்தது.

அதற்கு மேல் என்னாலும் என்னை ஏமாற்ற முடியவில்லை. பிரம்பை விட்டு, அது முட்டியதும் ஓட்டை வாய்க்கு நேராக அதில் நூல் கட்டி, வெளியே எடுத்து அளந்தேன். பன்னிரண்டு அடி. முற்றத்தில் சமையலறைச் சுவரிலிருந்து பன்னிரண்டு அடி அளந்தேன். அளவு கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் கிடக்கும் பலகைக் கல்லில் போய் நின்றது.

அந்தக் கல்லில்தான் அவள் வேலை விட்டு வந்து உட்கார்வாள். கீரை ஆய்வாள், அரிசி பொறுக்குவாள். நான் வருவதற்குள் எழுந்துவிடுவாள். வெயில் காய்கிறாள் என்று நினைத்திருந்தேன். அங்கே வெயில் வருவதே இல்லை என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது.

காலைப் பனி விலகியதும் மம்பட்டியை எடுத்தேன். கல்லைப் புரட்டினேன். மண் இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். செங்கல் இருந்தது. நாலு பக்கமும் செங்கல் அடுக்கி, சிமெந்து பூசாமல், ஒரு சின்னக் குழி. குழிக்குள் என் பைப். அதன் மேல்பக்கத்தில் உரப்பை பொலித்தீனைப் போட்டு சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிச் சுற்றியிருந்தது. ரப்பரை அவிழ்த்தேன். பைப்பின் முதுகில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எடுத்த ஜன்னல். விளிம்பெல்லாம் கை கிழிக்காதபடி தேய்த்து மழமழவென்று இருந்தது. உள்ளே சாம்பல் களி கழுத்து வரை நிரம்பியிருந்தது.

செங்கல் இடுக்கில் இரண்டு சாமான்கள் செருகியிருந்தன. ஒன்று வளைத்த கரண்டி. அது காணாமல் போன நாளில் நான் வீட்டையே இரண்டாக்கியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. மற்றது அறுக்கிற வாளின் துருப்பிடித்த அலகுத் துண்டு. பிடிக்கிற பக்கத்தில் துணி சுற்றியிருந்தது. அவளுடைய பச்சைச் சேலைத் துணி. கொழுந்துக்குப் போகும்போது கட்டுவது.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மம்பட்டி கையிலேயே இருந்தது. பதினெட்டு வருஷம் என் பைப் ஓடவில்லை. அவள்தான் அள்ளி அள்ளி அதை ஓட வைத்திருக்கிறாள். நான் ஊரெல்லாம் என் மட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, அவள் நாள் முழுக்கக் கூடை சுமந்துவிட்டு வந்து, நான் வருவதற்குள் அந்தக் கல்லைத் தூக்கி, கையை உள்ளே விட்டு அள்ளிவிட்டு, அதே கல்லில் உட்கார்ந்து கீரை ஆய்ந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. மனைவி இறந்த அன்று வந்தவர்களுக்கு நாற்காலி போடுவதிலேயே நின்றவன் நான். அந்தக் கல்லடியில்தான் முதல்முதலாகச் சத்தம் போட்டு அழுதேன். கேட்பதற்கு அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

பிறகு வேலையைப் பார்த்தேன். இருபத்தைந்து அடியையும் தோண்டினேன். பைப்பின் நடுப்பகுதி கனத்தில் இறங்கித் தொட்டில் போலத் தொங்கியிருந்தது. நான் வைத்த இரண்டரை அங்குலமும் அந்த இடத்தில் மிஞ்சவில்லை. கீழ்க்குழியை ஆழமாக்கி, ஆறு அங்குலத்துக்கும் கூடுதலாகச் சரிவு கொடுத்து, அடியில் மணலும் சின்னக் கல்லும் போட்டு இறுக்கி, புதுப் பைப் போட்டேன். ஐந்து நாள் பிடித்தது. இடுப்பு விட்டுப்போயிற்று. மண்ணை மூடுவதற்கு முன்னால் சமையலறையில் பத்து வாளித் தண்ணீரும் ஒரு பிடி சாம்பலும் கொட்டிவிட்டுக் கீழே ஓடிவந்து பார்த்தேன். சாம்பல் எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. கறிவேப்பிலை பக்கத்தில் மட்டும் மூடி வைத்த ஒரு வாய் விட்டேன். பழைய செங்கலை அதைச் சுற்றி அடுக்கி, அதே கல்லை மேலே வைத்தேன்.

அன்று பின்னேரம் மகளுக்குப் போன் எடுத்தேன். மாதம் முடிய இன்னும் நாலு நாள் இருந்தது.

"தண்ணி ஓடுதும்மா. பைப்ப மாத்திப் போட்டுட்டேன். இனி அடைக்காது."

"நல்லதுப்பா."

"பழசு மட்டமாக் கெடந்துச்சு. உங்கம்மா அப்பவே சொன்னா."

நான் கல்லுக்கு அடியில் பார்த்ததைச் சொன்னேன். கரண்டியைச் சொன்னேன். மகள் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்ப்பா. அம்மா பைப்ப அறுக்கையில நான்தான் வாசல்ல நின்னு நீங்க வாறீங்களான்னு பாத்தேன். அப்ப நான் ஆறாம் வகுப்பு."

"அன்னைக்கு வந்தப்ப ஏம்மா சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு அம்மா கையில அடிச்சு சத்தியம் வாங்கியிருந்துச்சு. அதோட, நீங்க இங்க வந்துட்டா நல்லதுன்னும் நெனச்சேன்ப்பா."

வேறொரு நாளாக இருந்தால் கத்தியிருப்பேன். "நான் ஏசுவேன்னு பயந்துதான் மறைச்சாளா?" என்று மட்டும் கேட்டேன்.

"அய்யோ, இல்லப்பா. நீங்க ஏசுறதுக்கெல்லாம் அம்மா என்னைக்குப் பயந்துச்சு? கங்காணி போட்ட பைப்பே அடைச்சுக்கிச்சுன்னு தெரிஞ்சா ஆளுங்க உங்களப் பாத்து சிரிப்பாங்கன்னு சொல்லுச்சு. உங்கள யாரும் சிரிச்சிறக் கூடாதாம்."

மகள் இனிமேல் வற்புறுத்த மாட்டேன் என்றாள். அங்கேயே இருங்கள், எப்போது தோன்றுகிறதோ அப்போது வாருங்கள் என்றாள். இந்த வார்த்தையைக் கேட்கத்தான் அந்த மாதம் முழுக்க மாரடித்தேன். கேட்டபோது அதில் சந்தோஷப்பட ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு வீடு தள்ளிக் கீழே போனேன். அன்று பைப் போட வந்த மூன்று பேரில் ஒருவர் இறந்துவிட்டார். ஒருவர் கொழும்பில், எந்த இடம் என்று தெரியாது. மிச்சம் இருப்பவர் இவர் ஒருவர்தான். மாட்டுக்குப் புல் அறுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நம்ம வீட்டு சமையக்கட்டுப் பைப்பு போட்ட அன்னைக்கு ஞாபகம் இருக்கா?" என்றேன்.

"எந்தப் பைப்பு கங்காணி?"

"வீடு கட்டுனப்ப. அவ வந்து சரிச்சு வுடச் சொன்னா. நான் ஏசினேன். நீங்க மூணு பேரும் சிரிச்சீங்க."

அவர் கயிற்றை விட்டுவிட்டு யோசித்தார். எனக்காக நிஜமாகவே யோசித்தார்.

"சிரிச்சமா? ஞாபகம் வரலீங்களே. அவுங்க பிளேன்டீ ஊத்திக் குடுத்தது நல்லா ஞாபகம் இருக்கு. இஞ்சி தட்டிப் போட்டிருந்தாங்க."

"அவ சொன்னதுதான் சரி. நான் போட்டது பிழை."

"சரிங்க கங்காணி" என்றார். பெரட்டில் வேலை சொன்னால் கேட்டுக்கொள்வாரே, அதே மாதிரி. பிறகு சாப்பிட்டீங்களா என்று கேட்டார். புல்லுக் கட்டைத் தலைக்குத் தூக்கிவிட்டேன். அவர் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு தட்டையும் ஒரு கோப்பையையும் கழுவினேன். தண்ணீர் நிற்காமல் போயிற்று. எத்தனை பேர் முன்னால் அவளை ஏசினேனோ அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட நினைத்திருந்தேன். அதற்கு இனி ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் சரி, கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுப் பைப்பை நான் பிழையாகப் போட்டேன். என் மனைவி சொன்னதுதான் சரி.